5 வயசும் 2½ வயசும்: விளையாட்டில் அடிதடி, நடுவில் வாசிப்பு. என்ன ஏற்பாடு செய்யலாம்?

#1 இரட்டைத்தூளி

மூத்தவளுக்கு 5 வயது, யூ.கே.ஜி. இளையவனுக்கு 2½. ஹாலும் ஒரு படுக்கையறையும் உள்ள வீடு. சண்டை வரும் இடம் மூன்றே மூன்று. அவள் பிளாக்ஸ் அடுக்கினால் இவன் வந்து தட்டிவிடுவான். ஒரே பொம்மைக்கு இழுபறி, முடிவில் கடி. ராத்திரி கதைப் புத்தகம் எடுத்தால் மடிக்குப் போட்டி, பக்கம் கிழியும். மாலை 4:30-லிருந்து 7 மணி வரைதான் உச்சம்.

அவள் இப்போது கடைப் பலகைகளில் எழுத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறாள். இந்த ஆசை அணைந்துவிடக் கூடாது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாசிக்க வேண்டுமா? தமிழ் எழுத்தை எந்த வரிசையில் தொடங்குவது? சண்டையை எந்தக் கட்டத்தில் போய் நிறுத்துவது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 மணல்மேடு

தட்டிவிடுவதிலிருந்து தொடங்குகிறேன். 2½ வயதில் கோபுரத்தைத் தட்டுவதுதான் அவனுடைய விளையாட்டு. கை பட்டால் விழும், சத்தம் வரும், அக்கா கத்துவாள். மூன்றும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் நடக்கின்றன. அந்த வயதுக்கு இதைவிட நல்ல பொம்மை கிடையாது.

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-ல் சிறு குழந்தைகளின் விளையாட்டைப் படிகளாகப் பிரித்தார்: தனியாக ஆடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் ஆட்டம் ஆடுவது, பொருளைக் கொடுத்து வாங்கி ஆடுவது, கடைசியாக ஒரே நோக்கத்தோடு சேர்ந்து ஆடுவது. 2½ வயது பெரும்பாலும் "பக்கத்தில்" என்ற படியில் நிற்கிறது. 5 வயது "சேர்ந்து" என்ற படிக்கு வந்துவிட்டது. "ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனால், சின்னவனால் முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகிறோம்.

அதனால் முதல் ஏற்பாடு இடம். 2½ வயதுக் குழந்தை ஏறக்குறைய 90 செ.மீ. உயரம். சாப்பாட்டு மேசை 75 செ.மீ. இருக்கும். விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிக் கட்டினால் தரையில் நிற்பவன் கைக்கு எட்டாது. ஆனால் நாற்காலிகளை எல்லாம் மேசைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும், அவள் உட்காரும் ஒன்றைத் தவிர. வெளியே ஒன்று கிடந்தால் ஏறிவிடுவான்.

தரையில்தான் கட்டுவேன் என்றால் ஆளுக்கு ஒரு கோரைப்பாய். பாய்க்குள் இருப்பது அவரவருடையது. சாக்பீஸ் கோடு, ரிப்பன் எல்லைகள் 3 வயதுக்குக் கீழ் எடுபடாது. கோடு அவன் கண்ணுக்குக் கோடாகத்தான் தெரியும், எல்லையாகத் தெரியாது. பாய் காலுக்குத் தெரியும். அதுவும் ஒரே நாளில் வராது. இரண்டு வாரம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அக்கா பாயில் கால் வைக்கும்போதெல்லாம் தூக்கி அவன் பாயில் வைத்து, "இது உன் பாய், இதில் தட்டு" என்று அவனுக்கான அடுக்கைக் காட்ட வேண்டும்.

"இதில் தட்டு" என்பது முக்கியம். தட்டுவதற்கென்றே அவனிடம் ஏதாவது இருக்க வேண்டும். காலி தீப்பெட்டிப் பண்டல் அட்டை, பிளாஸ்டிக் டம்ளர் 6, தயிர் டப்பா 4 போதும். பிளாக்ஸ் 60 இருந்தால் அவளுக்கு 40, அவனுக்குப் பெரிய துண்டுகளாக 20, இரண்டு கூடையில். "ஷேர் பண்ணு" என்று அந்தக் கூடைகளைக் கலக்காதீர்கள்.

இன்னொன்று. 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுசாக நுழையக்கூடிய எந்தத் துண்டும் 3 வயதுக்குக் கீழ் உள்ளவன் கைக்கு எட்டக் கூடாது. மூச்சுக்குழாயை அடைக்கும். மூத்தவளுடைய சின்ன பிளாக்ஸ், மணி, சோழி எல்லாம் மேசைக்கு மேலேதான். இதற்காகவும் மேசை நல்லது.

#3 மணல்மேடு

மாலை 4:30 பற்றித் தனியாக. அந்த நேரத்துச் சண்டையில் பெரும்பகுதி பசியும் தூக்கமும். பள்ளியிலிருந்து வந்ததும் பொம்மைக்கு முன்னால் சாப்பாடு: சுண்டல், வாழைப்பழம், இட்லி, எதுவானாலும் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து 15 நிமிடம். சின்னவன் பகல் தூக்கத்தை விட்டுவிட்ட நாளில் அன்றைக்குப் புதுப் பொம்மை எதையும் இறக்காதீர்கள்.

பொம்மைகளில் மூன்றில் இரண்டு பங்கைப் பரணில் ஏற்றிவிடுங்கள். வெளியே 6 முதல் 8 போதும், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். அதிகம் கிடந்தால் சண்டை குறையும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. எதிலும் நிலைக்காமல் மற்றவர் கையில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எதற்கு அடிக்கடி இழுபறியோ, அது மலிவானது என்றால் (பந்து, தண்ணீர் ஊற்றும் குவளை, சிவப்பு கிரேயான்) அச்சு அசலாக இரண்டு வாங்குங்கள். நிறம்கூட மாறக் கூடாது. இரண்டு வாங்க முடியாததற்கு முறை வைக்க வேண்டும். 5 வயதுக்கு 3 நிமிட அலாரம் புரியும். 2½ வயதுக்கு நிமிடம் என்றால் ஒன்றுமில்லை. அவனுக்குப் பாட்டுதான் கடிகாரம்: "நிலா நிலா ஓடி வா ரெண்டு தடவ பாடி முடிச்சதும் உனக்கு." பாடி முடித்ததும் கட்டாயம் கை மாற வேண்டும். ஒருநாள் ஏமாற்றினால் மறுநாள் அந்தப் பாட்டு செல்லாக்காசு.

#4 கூடல்_அப்பா

பயனுள்ள இழை. ஒரு சந்தேகம். அடிக்கிற கட்டத்துக்கு முன்னால் நுழைவதா, பின்னால் நுழைவதா? எல்லாவற்றுக்கும் ஓடினால் பஞ்சாயத்து பண்ணுவதே வேலையாகிவிடும். அதோடு "நீ பெரியவள், விட்டுக்கொடு" என்று சொல்லாமல் இருக்க வழி என்ன? வீட்டுப் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது அதுதான்.

#5 மணல்மேடு

முணுமுணுப்பு, "என்னோடது" என்ற இழுபறி: போகாதீர்கள், காது மட்டும் அங்கே இருக்கட்டும். குரல் ஏறினால் கைக்கெட்டும் தூரத்தில் போய் உட்காருங்கள், பேச வேண்டாம். பாதிச் சண்டை அதிலேயே தணியும். கை ஓங்கினால் கையைப் பிடியுங்கள். பிடித்தபின் ஒரே வரி: "அடிக்க விடமாட்டேன்." அதற்கு மேல் அந்த நிமிடத்தில் எதுவும் காதில் ஏறாது.

பிறகு அடிபட்ட குழந்தையை முதலில் கவனியுங்கள். அடித்தவனைத் திட்ட ஆரம்பித்தால் உங்கள் முகம் முழுக்க அவன் பக்கம்தான் இருக்கும். அடித்தால் அம்மா முழுசாக நம் பக்கம் திரும்புகிறாள் என்று அவன் கற்றுக்கொள்வான்.

அழுகை அடங்கியதும் இரண்டு பேருக்கும் என்ன வேண்டியிருந்தது என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அவளுக்கு வீடு முடியணும். உனக்கு அந்தச் சிவப்புக் கட்டை வேணும்." 5 வயதுக்காரியிடம் "என்ன பண்ணலாம்?" என்று கேட்கலாம், அவளிடம் யோசனை இருக்கும். சின்னவனுக்கு இரண்டு வழியைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்.

"யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்ற கேள்வியை வீட்டிலிருந்தே விலக்கிவிடுங்கள். நீங்கள் பார்க்கவில்லை என்றால் தீர்ப்பு சொல்ல முடியாது. சொன்னால் நன்றாகப் பேசத் தெரிந்தவள்தான் ஜெயிப்பாள், அல்லது சத்தமாக அழத் தெரிந்தவன்.

"பெரியவள், விட்டுக்கொடு" என்பதில் என்ன கெடுகிறது என்றால், அழுதால் பொருள் கிடைக்கும் என்று சின்னவன் படிக்கிறான், தம்பி இருந்தால் நமக்கு நஷ்டம் என்று மூத்தவள் படிக்கிறாள். பெரியவர்களிடம் வாதம் வேண்டாம். அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு வாக்கியம் கொடுத்துவிடுங்கள்: "அவ முடிச்சதும் உனக்கு, அதுவரைக்கும் தாத்தாகிட்ட வா." தாத்தாவுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி.

"சாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்த வேண்டாம். வாய் சொல்லும், கை அடுத்த நிமிடம் மறுபடி ஓங்கும். சரிசெய்யும் வேலை கொடுங்கள்: ஈரத்துணி எடுத்து வருவது, விழுந்த கட்டைகளைப் பொறுக்கிக் கொடுப்பது.

கடிப்பது பற்றி: பின் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் 2 வயதுக்கும் 2¾ வயதுக்கும் இடையில் முளைக்கும். ஈறு உறுத்தும். சொல்ல வார்த்தையும் போதாது. இரண்டும் சேர்ந்துதான் கடி. குளிர்ந்த கேரட் துண்டு வேண்டாம், அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியை ஃபிரிட்ஜில் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். கடிபட்ட இடத்தை சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

#6 சோழிப்பை

நம்ம ஊரில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு, மறந்துபோகிறோம்: ஒப்புக்குச் சப்பாணி. தெருவில் பெரிய பிள்ளைகள் ஆடும்போது குட்டிப் பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஓடும், தொடும், ஆனால் அவுட் கிடையாது, கணக்கிலும் வராது. பெரியவர் யாரும் நுழையாமலே வயது வித்தியாசத்தைச் சமாளித்த ஏற்பாடு அது. ஒளிஞ்சு விளையாட்டிலும் நொண்டியிலும் இன்றைக்கும் செல்லும்.

யார் முதல் என்பதற்கு சா பூ த்ரீ இருக்கிறது. ஆனால் மூன்று பேராவது வேண்டும், இரண்டு குழந்தை என்றால் நீங்களும் கை நீட்ட வேண்டும். கோபத்துக்குக் காய், சமாதானத்துக்குப் பழம். காய் விட்டவர்களைப் பெரியவர்கள் இழுத்துவந்து பழம் விட வைக்காதீர்கள், அவர்களாகவே விடட்டும். பேசாமல் இருக்கவும் ஒரு முறை, திரும்பப் பேசவும் ஒரு முறை, இரண்டுமே பிள்ளைகள் கையில் இருப்பதுதான் அதன் அருமை.

#7 மணல்மேடு

சோழிப்பை ஐயா சொல்வது ஓட்டம், ஒளிதல் மாதிரி ஆட்டங்களுக்கு மிகச் சரி. ஒரு திருத்தம் மட்டும். 4 வயதை நெருங்கும்போது "நான் கணக்கில் இல்லை" என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும். அதே ஏற்பாடு அப்போது அவமானமாகும். அந்தப் பெயரும் உடல் ஊனத்தைக் குறிப்பது. ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பதவி கொடுத்துவிடலாம்: காய் எண்ணித் தருபவர், "ரெடி" சொல்பவர், பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியிலும் 5 முத்து போட்டு நிரப்புபவர். முத்து வாய்க்குப் போகும் வயது என்றால் அதையும் தள்ளிவையுங்கள்.

#8 தாழ்வாரம்

புத்தகத்துக்கு வருவோம். முதலில் எங்கே வைப்பது. 5 அல்லது 6 புத்தகம் போதும், முதுகு தெரிய அடுக்காமல் அட்டைப்படம் தெரிய, சின்னவன் மார்பு உயரத்துக்குக் கீழே. பழைய புடவையில் 25 செ.மீ. அகலப் பைகள் தைத்துச் சுவரில் தொங்கவிட்டாலும் சரி, காய்கறி டிரேயில் நிறுத்தி வைத்தாலும் சரி. மூத்தவளின் தாள் புத்தகங்கள் அதற்கு மேல் தட்டில். சின்னவன் கைக்கு எட்டுவது எல்லாம் கெட்டி அட்டைப் புத்தகமாக இருந்தால் கிழிசலில் முக்கால்வாசி நின்றுவிடும். 2½ வயது விரல் இன்னும் தாளை மேல்மூலையில் பிடித்துப் புரட்டாது, நடுவில் பிடித்து இழுக்கும். கிழிவது அதனால்தான், பிடிவாதத்தால் அல்ல.

மடிக்குப் போட்டி. மடி ஒன்றுதான், அதைப் பங்கு போட முடியாது. அதனால் மடியைச் சின்னவனுக்குக் கொடுத்து, மூத்தவளுக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். அவள் உங்கள் வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து பக்கம் புரட்டுவாள். உங்கள் இடக்கை அவன் வயிற்றைச் சுற்றி இருக்கட்டும், வலக்கை விரல் வரிக்குக் கீழே நகரட்டும்.

வரிசை: முதலில் சின்னவன் புத்தகம், 4 நிமிடம். பிறகு மூத்தவள் புத்தகம், 8 முதல் 10 நிமிடம். மாற்றி வைத்தால் அவள் கதை முடியும் முன் அவன் பொறுமை முடியும், கடைசிப் பக்கத்தில் அடிதடி. இரண்டாவது புத்தகம் ஓடும்போது அவன் எழுந்து போனால் போகட்டும், கூப்பிடாதீர்கள். பொம்மையை உருட்டிக்கொண்டே காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இதற்கு மேல் மூத்தவளுக்கென்று வாரத்தில் இரண்டு நாளாவது 10 நிமிடம் தனி வாசிப்பு, அவன் தூங்கியபின். அப்போது மடியும் அவளுக்கே.

ஒரே படத்தில் இரண்டு கேள்வி கேட்கலாம். குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவர் குழுவினரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படை இதுதான்: வாசித்துக்கொண்டே போகாமல் குழந்தையைப் பேசவிட்டு, அது சொன்னதை நீட்டிச் சொல்வது.

சின்னவனிடம்: "இது என்ன?" "நாய்." "ஆமா, கறுப்பு நாய். வாலை ஆட்டுது." அவன் "வால் ஆட்டுது" என்று திரும்பச் சொல்ல 5 நொடி காத்திருங்கள். மூத்தவளிடம்: "நாய் ஏன் கதவுகிட்ட போய் நிக்குது?" இங்கே ஒரு தவறு நடக்கும். அவன் கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிடுவாள், அவன் புத்தகத்தை அடிப்பான். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "இது தம்பி கேள்வி. உன் கேள்வி அடுத்த பக்கத்தில் ஒளிஞ்சிருக்கு." ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம். பரீட்சை வாடை அடித்தால் கதை போய்விடும்.

#9 ஏட்டுச்சுவடி

எழுத்து வரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

247 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216. இந்த 216-ஐத் தனித்தனியாக யாரும் மனப்பாடம் செய்வதில்லை. 18 எழுத்தும், கால், விசிறி, கொம்பு போன்ற சில குறிகளும் பிடிபட்டால் மீதி தானாக வரும். உகர, ஊகார வரிசை மட்டும் விதிவிலக்கு.

எழுத்துக்கு முன்னால் காது. தமிழ் எழுத்து பெரும்பாலும் ஓர் அசையின் ஒலி, அதனால் கைதட்டிப் பிரிப்பது நமக்கு இயல்பாகப் பொருந்தும்: த-வ-ளை மூன்று தட்டு, அம்-மா இரண்டு. இதைச் சின்னவனும் சேர்ந்து செய்யலாம், தோற்க வழியில்லாத ஆட்டம். மூத்தவளுக்கு "ப-வில் தொடங்குகிற சாமான் சமையலறையில் எத்தனை?" என்று ஒரு படி கூட்டுங்கள்.

எழுத்து முதலில் அ, ஆ, இ அல்ல. அந்த 12-ம் வடிவத்தில் சிக்கலானவை, அவற்றை மட்டும் வைத்து வாசிக்கவும் சொற்கள் கிடைக்காது. நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள்: ட, ப, ம. பிறகு க, த, ர, ல, வ. இந்த எட்டும், அவற்றில் சிலவற்றுக்குப் புள்ளியும் தெரிந்தால் உடனே வாசிக்கக் கிடைப்பவை: படம், மரம், பட்டம், வட்டம், பல், கல், கடல், பகல், பக்கம், கப்பல். ஒரு வாரத்துக்கு 2 எழுத்து, அதற்கு மேல் வேண்டாம். 5 வயதில் ஒரு தடவைக்கு 7 நிமிடம்.

அடுத்தது கால். இங்கே தமிழ் தானே ஒரு விளையாட்டுத் தருகிறது. பல் – பால், கல் – கால், படம் – பாடம், மடம் – மாடம், வரம் – வாரம். அட்டையில் எழுதி, காலை மட்டும் தனித் துண்டாக வெட்டி, வைத்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு துண்டால் பொருளே மாறுவதைப் பார்த்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

பிறகு விசிறி: இகரம், ஈகாரம். அதன் பின் உகரம். உகரத்தை ஒரே குறியாகச் சொல்லிக்கொடுக்கப் போனால் குழம்பும். மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். கீழே வளைந்து சுற்றுபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. கோடு கீழே இறங்குபவை: சு, பு, யு, வு. அடியில் வளைந்து மறுபடி மேலே ஏறுபவை: ணு, து, நு, லு, று, னு.

கொம்பு கடைசியில். கெ, கே, கை எல்லாவற்றிலும் குறி இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கண் இடமிருந்து வலம் போகும், காது வேறு வரிசை கேட்கும். பிள்ளை தடுமாறுவது இதனால்தான், மந்தபுத்தியால் அல்ல. விரலைக் கொம்புக்குக் கீழே வைக்காமல் மெய்யெழுத்துக்குக் கீழே வையுங்கள். கொ, கோ-வில் குறி இரண்டு பக்கமும் நிற்பதால் அது இன்னும் தாமதமாக வரும், வரட்டும்.

அடிக்கடி மாறுபவை: ர-வும் காலும், ன-வும் ண-வும், ல-ள-ழ. குழப்பும் ஜோடியை ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். எழுத்தைத் திருப்பி எழுதுவது 7 வயது வரைகூடச் சாதாரணம்.

#10 கூடல்_அப்பா

பேச்சுத் தமிழில் வாசிப்பதா, அச்சில் உள்ளபடி வாசிப்பதா? "வந்துவிட்டான்" என்றால் சின்னது முழிக்கிறது.

#11 ஏட்டுச்சுவடி

சின்னவனுக்குப் பேச்சுத் தமிழ்தான், தயங்க வேண்டாம். மூத்தவளுக்கு முதல் நாள் படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழில் கதை. இரண்டாம் நாளிலிருந்து அச்சில் உள்ளபடி. ஒன்றை மட்டும் தவிருங்கள்: விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே வாயால் "வந்துட்டான்" என்று மாற்றிச் சொல்வது. கண் பார்க்கும் எழுத்தும் காது கேட்கும் ஒலியும் பொருந்தாமல் போனால், எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு உண்டு என்ற நம்பிக்கையே ஆட்டம் காணும். விரல் வைத்தால் அச்சுத் தமிழ், பேச்சென்றால் விரலை எடுத்துவிடுங்கள்.

பாம்பு, பஞ்சு, காகம் போன்றவற்றில் ப, ச, க சொல்லின் நடுவில் ஒலி மாறும். ஆங்கில ஒலிப்பயிற்சி படிக்கும் பிள்ளை எழுத்துக்கூட்டி நின்றுவிடும். விதி சொல்ல வேண்டாம். முழுச் சொல்லை ஒருமுறை சொல்லிக்காட்டி நகருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தாத்தா வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்களில் லை, னை, ணா, றா போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய அச்சு அது. சொல்லக் கேட்க நல்லவை, ஆனால் எழுத்துக் கற்கும் முதல் ஆண்டில் அவற்றில் விரல் வைத்து வாசிக்க வேண்டாம்.

#12 தாழ்வாரம்

சண்டையையும் வாசிப்பையும் ஒரே நூலில் கோக்கும் ஒரு வேலை சொல்கிறேன். எழுத்தைச் சண்டை தீர்க்கும் கருவியாக்கிவிடுங்கள். கூடைகளில் பெயர் ஒட்டுங்கள், 4 செ.மீ. உயர எழுத்தில், சின்னவன் பெயருக்குப் பக்கத்தில் அவன் போட்டோவும். "இது யாருதுன்னு படிச்சுப் பாரு" என்றால் அவள் படிப்பாள். பிள்ளை முதலில் அடையாளம் காணும் எழுத்து பெரும்பாலும் தன் பெயரின் முதல் எழுத்துதான். ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன வரிசைக்கு அது வெளியே இருந்தாலும் அதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

யார் முதலில் புத்தகம் தேர்ந்தெடுப்பது என்பதற்குத் தினசரி கிழிக்கும் காலண்டர் போதும். ஒற்றைப்படைத் தேதி அக்காவுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு. இதில் ஒரு ஓட்டை உண்டு. 31-ம் அடுத்த நாள் 1-ம் ஒற்றைப்படை, அக்காவுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வந்துவிடும். 31-ஐ அம்மா நாள் என்று முதல் மாதத்திலேயே அறிவித்துவிடுங்கள். லீப் வருடத்தில் பிப்ரவரி 29-க்கும் அதேதான். தாளைக் கிழிப்பவரும் அன்றைய ஆளே. எண்ணையும் கிழமையையும் சேர்த்துப் படித்த மாதிரி ஆகிறது.

செய்யக் கூடாதவை எனக்கு மூன்றுதான். "சண்டை போட்டீங்கல்ல, புக்கை எடுத்து உக்காருங்க" என்பது ஒன்று. புத்தகம் தண்டனையாகிவிடும். "அக்காவைப் பாரு, எப்படிப் படிக்கிறா" என்பது இரண்டாவது. தம்பிக்கு அக்கா மேலும் புத்தகத்தின் மேலும் ஒரே சமயத்தில் வெறுப்பு வரும். மூன்றாவது, கதை கேட்காவிட்டால் போன் கிடையாது என்று பேரம் பேசுவது. பேரத்தில் எது பரிசோ அதுதான் உயர்ந்தது என்று பிள்ளைக்குத் தெரியும்.

#13 இரட்டைத்தூளி

காலண்டர் யோசனையை நாளைக்கே தொடங்குகிறேன். இரண்டு கேள்வி. அவளே தம்பிக்கு வாசித்துக் காட்டலாமா? புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்கிறாள், வாசிப்பதில்லை. இரண்டாவது, எழுத்து எழுதிப் பழக ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த எழுத்துகள் வாங்கலாமா?

#14 ஏட்டுச்சுவடி

மனப்பாடமாகச் சொல்வதும் வாசிப்பின் ஒரு படிதான். திருத்தாதீர்கள். புத்தகம் எப்படித் திறக்கும், வரி எங்கே தொடங்கும், கதைக்கு எந்தக் குரல் என்பதெல்லாம் அதில் வந்துவிடுகிறது. அவனுடைய அட்டைப் புத்தகத்தில் ஒன்றை, ஒரு நாளைக்கு 3 நிமிடம், அவள் வாசிக்கட்டும். அவளுக்கு எளிதான பாடம், நூறு முறை கேட்டாலும் அலுக்காத ஒரே ரசிகன். ஆனால் "டீச்சர்" ஆகி அவனை அதட்டத் தொடங்கினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

எழுத அவசரம் வேண்டாம். வாசிப்பு முன்னால், பென்சில் பின்னால். 30-க்கு 20 செ.மீ. தாம்பாளத்தில் ஒரு செ.மீ. உயரத்துக்கு உப்போ உலர்ந்த ஆற்று மணலோ பரப்பி விரலால் எழுதலாம். விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைப்பது போலத்தான். தட்டு இரண்டு வேண்டும், ஒன்று என்றால் உப்பு ஹால் முழுக்கப் பறக்கும். சின்னவன் அதில் கோடு கிழிக்கட்டும், எழுத்து வேண்டாம். உப்பை வாயில் அள்ளிப் போடுகிறவனானால் அவன் தட்டுக்கு மட்டும் ரவை. ரவை என்றால் இரவே டப்பாவில் மூடுங்கள், எறும்பு வரும். கோலப்பொடியில் கல்தூள் இருக்கும், மூச்சில் போகும், வேண்டாம். சிலேட்டு என்றால் பல்பத்தைக் கடித்துத் தின்னும் பழக்கத்தைக் கவனியுங்கள்.

#15 மணல்மேடு

காந்த எழுத்து 2½ வயது உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். பின்னால் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தம் கழன்று விழும். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இடையில் சிக்கிய குடலைத் துளைத்துவிடும். பொத்தானை அழுத்தினால் பாடும் புத்தகங்களில் பட்டன் பேட்டரி இருக்கிறது. அதன் மூடிக்கு ஸ்குரூ இல்லை என்றால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். இந்த இரண்டில் எதை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை. பழைய காலண்டர் அட்டையில் 8 செ.மீ. சதுரமாக வெட்டிய எழுத்துகள் போதும்.

#16 கூடல்_அப்பா

நல்ல தமிழ்ப் படப்புத்தகம் எங்கே கிடைக்கும் என்பதையும் யாராவது சொல்லிவிடுங்கள். எல்லாம் விலை கொடுத்து வாங்கி, எல்லாம் கிழிந்தால் தாங்காது.

#17 தாழ்வாரம்

இலவசமாக என்றால் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். தமிழில் நிறைய இருக்கின்றன, நிலை 1 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள், இறக்கி அச்சிட உரிமையும் உண்டு. இரண்டு பேருக்கும் நிலை 1-இல் தொடங்குங்கள். அச்சிட்டால் ஒரு பக்கம் மட்டும் அடித்து, இரண்டு தாளை முதுகோடு முதுகு ஒட்டினால் கெட்டியாகும். வாங்குவதென்றால் துலிகா, நேஷனல் புக் டிரஸ்ட். அட்டைப் புத்தகம் வாங்கும்போது ஒரு பக்கத்தில் ஒரு வரிக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சின்னவனுக்கு அல்ல.

நூலகத்தை விடாதீர்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, தரையில் உட்கார்ந்து படிக்கலாம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் சிறுவர் தட்டு எங்கே என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு பை கொடுத்து, அவரவர் பைக்கு அவரவர் தேர்ந்தெடுக்கட்டும். வீட்டுக்கு வந்தபின் மற்றவர் பையிலிருந்து எடுக்க "கேட்டு எடு" என்ற விதி ஒன்று போதும்.

கிழிந்த புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள், அந்த நேரத்திலேயே உட்கார்ந்து ஒட்டவும் வேண்டாம், அப்போது இரண்டு பேரும் கொதித்துப்போய் இருப்பார்கள். ஒரு மஞ்சள் பையில் போட்டு வையுங்கள், ஞாயிறு காலை புத்தக ஆஸ்பத்திரி. சாதா செல்லோடேப் மஞ்சளாகி வறண்டு உதிரும். மெல்லிய வெள்ளைத் தாளை 1½ செ.மீ. பட்டையாகக் கிழித்து (வெட்டாமல் கிழித்தால் ஓரம் படிந்து ஒட்டும்), மைதா பசையோ தண்ணீர் கலந்த ஃபெவிகாலோ மெல்லிசாகத் தடவி, கிழிசலின் பின்பக்கம் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒட்டினால் எழுத்து மங்கும். சின்னவன் பசை தடவட்டும், மூத்தவள் இரண்டு ஓரத்தின் வரிகளும் பொருந்துகின்றனவா என்று படித்துப் பார்த்துப் பிடிக்கட்டும். மேலே ஒரு பாலிதீன் தாள், அதன் மேல் அம்மிக் குழவியோ மூன்று தடிப் புத்தகமோ. மறுநாள் காலை வரை தொடக் கூடாது.